ஏசி இல்லாத ஏசி வாத்தியார்

தல்ஹாவின் முதுகு போனது செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு விடுதியில். முதல் மாடி வெளிச்சுவரில் மாட்டியிருந்த ஏசிப் பெட்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். தியானத்தில் இருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஜன்னலைத் திறந்து, சத்தம் தாங்கவில்லை என்று முறையிட்டார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த விடுதி ஆள், விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்பதுதான் முக்கியம் என்று ஏணியை விட்டுவிட்டு உள்ளே ஓடினான். ஏணி சரிந்தது. கீழே செம்பருத்திப் புதர் இருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. விடுதிக்காரர் மிகவும் இரக்கமுள்ளவர். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். நசுங்கிப்போன செம்பருத்திக்குக்கூட அவர் காசு கேட்கவில்லை.

தல்ஹாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பெரிய கடைத்தெருப் பக்கம் தலைமுறை தலைமுறையாக மெத்தை, தலையணை விற்ற குடும்பம். ஊருக்கே கதகதப்பு விற்ற வீட்டிலிருந்து குளிர்ச்சியின் பக்கம் போன முதல் ஆள் அவர்தான். ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் படித்துவிட்டு, சாகில் என்பவரின் சர்வீஸ் கடையில் சேர்ந்து, பத்து வருடத்துக்கு மேல் ஊரில் இருக்கிற விடுதிகளின் சுவர்களில் தொங்கி வாழ்ந்தவர். ரொம்பக் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. போன இடத்தில் மெஷின் ஓடும். ஓடாவிட்டால் மறுநாளும் போவார். அவ்வளவுதான்.

டாக்டர் மூன்று மாதம் படுக்கச் சொன்னார். மனைவி மெஹ்விஷ் அதற்கு மேல் ஒரு நிபந்தனை போட்டாள்.

"இனிமே ஏணியில கால வெச்சீங்கன்னா, நான் ஆம்பூர் போயிடுவேன். எங்கம்மா வீட்ல ஏணியே கெடையாது."

உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தேடினார். அப்போதுதான் அவலூர்பேட்டை ரோட்டில், சரோஜா மகால் கல்யாண மண்டபத்தின் மாடியில், 'ஒளிச்சுடர் திறன் மேம்பாட்டு மையம்' என்று ஒரு பெரிய ஃபிளெக்ஸ் பேனர் ஏறியது. இலவசப் பயிற்சி, இலவசச் சீருடை, வேலைவாய்ப்பு உத்தரவாதம். பேனரில் ஹெல்மெட் போட்ட ஒரு பெண்ணும் ஸ்பேனர் பிடித்த ஒரு பையனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் நம் ஊர்க்காரர்கள் இல்லை, இந்த நாட்டுக்காரர்களாகவே தெரியவில்லை.

மையத்தின் இயக்குநர் சக்கரபாணி. கலசபாக்கம் பக்கம் நிலபுலம் உள்ள விவசாயக் குடும்பம். முதலில் கறிக்கோழிப் பண்ணை வைத்தார். பிறகு கம்ப்யூட்டர் சென்டர். அதன்பிறகு ஸ்போக்கன் இங்கிலீஷ். திறன் பயிற்சிக்கு அரசுப் பணம் வருகிறது என்று கேள்விப்பட்டதும், பழைய கோழிப் பண்ணை அனுபவம் அவருக்குப் பெரிய அளவில் கைகொடுத்தது. பண்ணையில் குஞ்சு இறக்கும்போது தலையை எண்ணுவார்கள். நடுவில் ஒருமுறை எண்ணுவார்கள். லாரியில் ஏற்றும்போது எண்ணுவார்கள். திட்டத்திலும் அதே முறைதான். ஆள் சேர்ந்ததும் ஒரு தவணை, பயிற்சியை மதிப்பிட்டதும் ஒரு தவணை, வேலையில் சேர்த்ததும் கடைசித் தவணை. தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். தலைக்குள் என்ன போனது என்று கோழிப் பண்ணையிலும் யாரும் கேட்டதில்லை.

தல்ஹாவை அவர் நேர்காணல் செய்தது ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்.

"ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்குதா பாய்?"

"இருக்குது சார். சர்வீஸ்லயும் ரொம்ப வருஷம் இருந்திருக்கேன்."

"அது வேணாம், சர்டிபிகேட் போதும். உங்களுக்கு எதனா கேக்கணுமா?"

"ஏணி ஏற வேண்டி வருமா சார்? முதுகு சரியில்ல."

"அந்தக் கவலையே வேணாம் பாய். இங்க ஏறி இறங்கறதுக்கு ஒண்ணுமே கெடையாது."

அந்த ஒரு விஷயத்தில் சக்கரபாணி பொய் சொல்லவில்லை. முதல் நாள் தல்ஹா பயிற்சிக்கூடத்துக்குள் போனபோது, முப்பது நாற்காலிகள், ஒரு கரும்பலகை, ஏசியின் படம் போட்ட ஒரு சார்ட், தெர்மோகோலில் செய்து நீல பெயிண்ட் அடித்த ஒரு பெட்டி ஆகியவை இருந்தன. ஏசி இல்லை. மின்விசிறிகூட ஒன்றுதான். அதுவும் பழைய கோழிப் பண்ணையிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது.

கருவி வாங்கப் பணம் வரவில்லையா என்றால், வந்தது. நேர்மையாகவே செலவானது. வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டார்கள். வருகிறவர்கள் உட்கார சோபா வாங்கினார்கள். ஒரு ஏசியும் வாங்கினார்கள். அது இயக்குநர் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கவாட்டில் 'ஆய்வகக் கருவி எண் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆய்வகம் முழுநேரமும் பயன்பாட்டில் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

"சார், அந்த ஏசிய வாரத்துக்கு ஒரு நாள் பசங்களுக்குக் கழட்டிக் காட்டலாமா?" என்று தல்ஹா ஒருமுறை கேட்டார்.

சக்கரபாணி வருத்தத்தோடு தலையாட்டினார். "கழட்டினா எப்டி பாய் ஓடும்?"

பயிற்சிக்கு வந்தவர்கள் சுற்றுவட்டாரப் பிள்ளைகள். முன் வரிசையில் அடி அண்ணாமலையிலிருந்து வந்த தேவிப்ரியா. பி.காம். முடித்தவள். வீட்டில் இருந்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார்கள் என்பதால் பஸ் ஏறி வந்தவள். ஏசி என்றால் ஆண்பிள்ளை வேலை என்று தையல் வகுப்புக்கு அனுப்பப் பார்த்தார்கள். தையல் வகுப்பிலும் மெஷின் இல்லை என்று தெரிந்ததும், இல்லாத இரண்டில் பெரியதையே எடுத்துக்கொள்கிறேன் என்று இங்கே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் விமல்ராஜ். ஒல்லியான, ஓரிடத்தில் நிற்க முடியாத பையன். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டிருப்பது போலவே இருப்பான்.

ஒரு வாரம் தல்ஹா சார்ட்டைக் காட்டிப் பாடம் நடத்தினார். இரண்டாவது வாரம் தேவிப்ரியா எழுந்தாள்.

"சார், நிஜ ஏசி எப்ப வரும்?"

"கேட்டிருக்கேம்மா."

"வர்ற வரைக்கும் இந்தத் தெர்மோகோலையே பாத்துக்கினு இருந்தா, நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல தெர்மோகோல் வெட்டற வேலதான் சார் குடுப்பாங்க."

வகுப்பு சிரித்தது. தல்ஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு சாப்பாட்டின்போது மெஹ்விஷிடம் சொன்னார். சம்பளம் வந்ததா என்று அவள் கேட்டாள். வரவில்லை. "சம்பளமும் இல்ல, ஏசியும் இல்ல. அப்போ ரெண்டும் சரியாத்தான இருக்குது," என்றாள் அவள்.

மறுநாள் அவர் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். இயந்திரம்தான் இல்லை, ஆட்கள் முப்பது பேர் இருக்கிறார்களே. குரல் கனமாக இருந்ததால் தேவிப்ரியா கம்ப்ரஸர். அவள் நடுவில் நின்று "உம்ம்ம்" என்று உறும வேண்டும். ஜன்னல் பக்கம் வெயிலில் வரிசையாக நின்றவர்கள் வெளிக் காயில், அதாவது வெளியே இருக்கும் குழாய்ச் சுருள். சுவர் ஓரம் நிழலில் நின்றவர்கள் உள் காயில். விமல்ராஜ் கேஸ். அவன் ஓட வேண்டும். கம்ப்ரஸரிடம் வந்ததும் தோளைக் குறுக்கிச் சூடாக வேண்டும், ஜன்னல் வரிசையில் சூட்டைக் கொடுத்துவிட வேண்டும், குறுகலான இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் நுழைந்து வெளியே வந்ததும் கையைக் காலை விரித்துச் சில்லென்று ஆகிவிட வேண்டும், உள் வரிசைக்காரர்களைத் தொட்டுக் குளிர வைத்துவிட்டு மறுபடி கம்ப்ரஸருக்கு ஓட வேண்டும்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. கேஸ் குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், விமல்ராஜ் நொண்டிக்கொண்டே ஓடிக் காட்டுவான். காயிலில் அழுக்கு அடைத்தால், ஜன்னல் வரிசை அவனை விடாமல் பிடித்து வைக்கும், தேவிப்ரியாவின் உறுமல் ஏறிக்கொண்டே போய் இருமலில் முடியும். ஒரு நாள் சக்கரபாணி கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். முப்பது பேர் ஆடி ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, யோகா வகுப்பு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டார். 'பயிற்சி பெறுவோரின் உடல்நலத்திலும் அக்கறை' என்று அந்தப் படம் மாத அறிக்கையில் போனது.

பௌர்ணமி அன்று வகுப்பில் யாரும் இருக்க மாட்டார்கள். பாதிப் பேர் கிரிவலப் பாதையில் தண்ணீர் பாட்டில், மோர் விற்கப் போய்விடுவார்கள், மீதிப் பேர் மலையைச் சுற்றப் போய்விடுவார்கள். தேவிப்ரியா அம்மா ஜோதியம்மாளின் கடையில் நிற்பாள். ஆனால் வருகைப்பதிவில் நூறு சதவீதம் காட்டுவது பௌர்ணமி அன்று மட்டும்தான். மற்ற நாட்களில் உண்மையிலேயே வந்தவர்களை எண்ண வேண்டியிருந்ததால் கொஞ்சம் கம்மியாக இருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மே மாதம் வந்தது. அக்னி நட்சத்திரம். மலையே அடுப்பில் வைத்த கல் மாதிரி காய்ந்து கிடந்தது. அப்போது மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. சென்னையிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார், செய்முறைத் தேர்வு நடத்துவார், அவர் சரி என்றால்தான் அடுத்த தவணை.

சக்கரபாணி அசரவில்லை. மாடிப்படி இறங்கிக் கீழே போனார். சரோஜா மகால் அவருடைய அக்கா சரோஜாவின் மண்டபம். போன மாதம்தான் மண்டபத்தில் புதிதாக ஆறு ஸ்பிளிட் ஏசி மாட்டியிருந்தார்கள். 'முழுவதும் குளிரூட்டப்பட்டது' என்று பெயர்ப்பலகையில் சேர்த்து எழுதி, பெயிண்டு இன்னும் சரியாகக் காயவில்லை.

"அக்கா, ஒரு காலைல மட்டும் ஹால குடு. மேடம் வந்து பாத்துட்டுப் போயிடுவாங்க."

"அன்னிக்கு சாய்ந்தரம் போளூர்க்காரங்க ரிசப்ஷன் இருக்குதுடா."

"சாய்ந்தரம்தான? மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"மெஷின் மேல கை வெக்கக் கூடாது."

"கையா? கண்ணால பாத்து விளக்கம் மட்டும்தான்க்கா."

மதிப்பீட்டு நாளன்று காலையில் மண்டப வாசலில் இருந்த 'நல்வரவு' வளைவுக்கு மேல் 'குளிர்பதனச் செய்முறை ஆய்வகம்' என்ற பேனர் கட்டப்பட்டது. உள்ளே மேடையில் பெண் மாப்பிள்ளைக்கான இரட்டைச் சிம்மாசனம் ஏற்கனவே வந்து இறங்கியிருந்தது. அதைத் தள்ள நேரமில்லாமல், மதிப்பீட்டாளரை அதில் ஒன்றில் உட்கார வைத்தார்கள். நடுத்தர வயது அம்மா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். வந்ததும் முதலில் கேட்டது கோயில் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்பதுதான். எல்லாம் நல்லபடியாக முடியும் என்று சக்கரபாணிக்கு நம்பிக்கை வந்தது.

பிள்ளைகள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி. கம்ப்ரஸர் என்ன செய்யும், கேஸ் எங்கே சூடாகும், எங்கே குளிரும். டக் டக்கென்று சொன்னார்கள். சொல்லும்போதே சிலருக்குக் கை கால் தானாக ஆடியது. அந்த அம்மாவுக்குத் திருப்தி. ஆனால் டேப்லெட்டுக்குத் திருப்தி இல்லை. 'கருவியைக் கையாளுதல்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. புகைப்படம் ஏற்றினால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.

"எல்லாம் வாயாலயே சொல்றாங்களே. கழட்டிக் காட்டச் சொல்லுங்க," என்றார்.

"மேடம், புது மெஷின் மேடம்…" என்று இழுத்தார் சக்கரபாணி.

"புதுசுன்னா நல்லா கழலும். ஆறு மெஷின் இருக்குதில்ல? அஞ்சஞ்சு பேரா பிரிச்சு விடுங்க."

சக்கரபாணி தல்ஹாவைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். தல்ஹா அதைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். முப்பது பேரும் சுவரில் இருந்த ஏசியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபில்டரை மட்டும் எடுத்துக் காட்டுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த அம்மாவும் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் அவர், வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தன் பழைய பையைத் திறந்து ஸ்பேனர்களையும் ஸ்குரூடிரைவர்களையும் தேவிப்ரியாவிடம் கொடுத்தார்.

"மெதுவா," என்றார்.

அந்த ஒரு சொல் யார் காதிலும் விழவில்லை. சாப்பாட்டு மேஜைகளை இழுத்துப் போட்டு ஏறினார்கள். மூடிகள் கழன்றன. ஃபில்டர் வந்தது, விசிறி உருளை வந்தது, மோட்டார் வந்தது, போர்டு வந்தது. ஒரு குழு பின்பக்க பால்கனிக்கு ஓடி வெளிப்பெட்டிகளைப் பிரித்தது. "கம்ப்ரஸர்டி! கருப்பா குண்டா இருக்குது!" என்று யாரோ கத்த, தேவிப்ரியா போய்ப் பார்த்து, இத்தனை நாள் தான் நடித்த வேஷத்தை முதன்முதலாக நேரில் கண்டு, "இவ்ளோதானா?" என்றாள். விமல்ராஜ் ஒரு நட்டைத் திருகினான். உஸ்ஸென்று கேஸ் சீறிக்கொண்டு வெளியேறியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கேஸ் என்பது விமல்ராஜ் இல்லை என்று அவர்கள் அறிந்த நேரம் அது. வேறு இரண்டு குழுக்களுக்குப் பொறாமை. அவர்களும் ஆளுக்கு ஒரு நட்டைத் திருகினார்கள்.

எல்லாம் முடிந்தபோது, சரோஜா மகாலின் ஆறு ஏசிகளும் மேடையில், வெள்ளைத் துணி மேல், பாகம் பாகமாக வரிசையாகக் கிடந்தன. திருகாணிகள் சிதறாமல் இருக்க ஒரு பித்தளைத் தட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த அம்மா சிம்மாசனத்திலிருந்து எழுந்து வந்து சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்.

"எத்தனையோ சென்டர் பாத்திருக்கேன். இந்த மாதிரி தைரியமா மெஷின்ல கை வெக்கற பசங்கள நான் பாத்ததே இல்ல," என்றார். ஏ கிரேடு போட்டார். சக்கரபாணி கண் கலங்கினார். பெருமையால் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டார். பிறகு அவரைத் தரிசனத்துக்கு அழைத்துக்கொண்டு சக்கரபாணி காரில் ஏறிப் போய்விட்டார். அன்று முழுக்க அவர் போன் எடுக்கவில்லை.

முப்பது பேரும் தல்ஹாவைச் சுற்றி நின்றார்கள்.

"சார், இப்ப மாட்டலாமா?" என்று கேட்டாள் தேவிப்ரியா.

கழற்றுவது பாடத்திட்டத்தில் ஐந்தாவது வாரம். மாட்டுவது ஒன்பதாவது வாரம். மதிப்பீடு ஏழாவது வாரத்திலேயே வந்துவிட்டது.

தல்ஹாவுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், பயத்தோடு கூடவே அவருக்கு மனசுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அன்றுதான் அவர் முன்னால் இயந்திரம் இருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பாகமாகத் தூக்கிக் காட்டி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தெரியாதவன் வெட்கப்பட்டான், தெரிந்தவள் மேஜை மேல் ஏறினாள். சாகிலுக்குப் போன் போட்டு கேஸ் சிலிண்டரும், குழாயில் இருக்கும் காற்றை உறிஞ்ச வேக்குவம் பம்பும் அனுப்பச் சொன்னார். "நீ வாத்தியார் வேலைக்குத்தான போன, எதுக்குடா கேஸு?" என்று சாகில் சிரித்தாலும் அனுப்பிவிட்டார்.

சரோஜா அம்மா மூன்று மணிக்குச் சாம்பார் ருசி பார்க்க வந்தவர், ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணால பாத்து விளக்கம்னு சொன்னானே அந்தப் பாவி!"

"அம்மா, நான் இருக்கேம்மா. மாட்டிட்டுத்தான் போவேன்," என்றார் தல்ஹா.

"எப்ப? சீமந்தத்துக்கா?"

போளூர்க்காரர்கள் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது இரண்டு ஏசி ஓடின. மூன்றாவது ஓடியது, ஆனால் பாட்டுக் கச்சேரிக்கு மேல் சத்தம் போட்டது. மீதி மூன்றும் பாதி மாட்டியபடி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. பெண்ணின் மாமா ஒருவர், பட்டு வேட்டி நனைய நனைய வந்து நின்றார்.

"ஏசி மண்டபம்னு சொல்லித்தான அட்வான்ஸ் வாங்கினீங்க?"

சரோஜா அம்மா வியாபாரம் தெரிந்தவர். "ஏசி இருக்குதே, பாருங்க! எந்த மண்டபத்துலங்க ஏசிக்குள்ள என்ன இருக்குதுன்னு தெறந்து காட்டியிருக்காங்க?" என்றார்.

மாமா அதில் சமாதானம் ஆகவில்லை. யாரோ வரவேற்பு மேஜைக்கு மாற்றி வைத்துவிட்டதில், கல்கண்டு என்று நினைத்து அவர் கை விட்ட தட்டு திருகாணித் தட்டாக இருந்தது பேச்சை இன்னும் கெடுத்தது. தேவிப்ரியா மாடிக்கு ஓடினாள். மையத்தின் விளம்பரப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. நல்ல கெட்டியான, வழவழப்பான தாள். அதைக் கொண்டுவந்து விருந்தாளிகளுக்கு ஆளுக்கொன்று விசிறியாகக் கொடுத்தார்கள். 'உங்கள் எதிர்காலம் எங்கள் கையில்' என்று அட்டையில் போட்டிருந்தது. அரசுப் பணத்தில் அடித்த அந்தப் புத்தகத்தால் பொதுமக்களுக்கு நேரடியாகப் பலன் கிடைத்தது அன்று ஒரு நாள்தான். விசிறிக்கொண்டே எல்லோரும் சாப்பிட்டுப் போனார்கள்.

அடுத்த ஒரு வாரம் வகுப்பு மாடியில் நடக்கவில்லை, கீழே நடந்தது. சரோஜா அம்மா தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டார். பிரித்தவர்கள்தான் பூட்ட வேண்டும், அதுவரை மையத்துக்குத் தண்ணீர் மோட்டார் போட மாட்டேன் என்று. அந்த வாரத்தில்தான் பிள்ளைகள் குழாய் வளைக்கவும், பற்றவைக்கவும், கேஸ் ஏற்றவும் கற்றார்கள். இந்தப் பயிற்சிக்கு எந்தத் திட்டத்திலும் பணம் ஒதுக்கப்படவில்லை. செலவு முழுக்கச் சரோஜா அம்மாவின் தலையில். ஆறு மெஷினும் ஓடின.

அந்தத் தெம்பில் தல்ஹா இயக்குநர் அறைக்குப் போனார். ஏ கிரேடு சான்றிதழ் அதற்குள் ஃபிரேம் போட்டுச் சுவரில் ஏறியிருந்தது.

"சார், தவணை வந்துடுச்சுன்னு சொன்னாங்க. இப்பவாவது ரெண்டு பழைய ஏசி வாங்கிடலாம் சார். அடுத்த பேட்சுக்கு."

சக்கரபாணி அவரைப் பாசத்தோடு பார்த்தார். "பாய், நல்லா யோசிங்க. ஏசி இல்லாமலே நமக்கு ஏ கிரேடு வந்துருக்குது. இனிமே வாங்கினா, எதுக்கு வாங்கினீங்கன்னு ஆடிட்ல கேப்பானா மாட்டானா?"

தல்ஹா யோசித்துப் பார்த்தார். கேட்கத்தான் செய்வான். அதுதான் அவருக்கு ரொம்பக் கோபத்தைத் தந்தது.

பிறகு வேலைவாய்ப்பு. உத்தரவாதம் என்றால் உத்தரவாதம்தான். முப்பது பேருக்கும் வேலை கிடைத்தது. தேவிப்ரியாவை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஐஸ்கிரீம் கடையில் பில் போடச் சேர்த்தார்கள். குளிர்பதனத் துறை என்று பதிவானது. விமல்ராஜ் சமையல் கேஸ் சிலிண்டர் தூக்கப் போனான். எரிவாயுத் தொழில்நுட்பம். துணிக்கடையில் ஏசி ஓடும் தளத்தில் சேலை மடிக்க நாலு பேர். கடைசித் தவணையும் வந்தது. மையத்துக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். வேங்கிக்கால் பக்கம் ஒரு ஹாலில் நடந்தது. சக்கரபாணிக்குச் சால்வை, கேடயம். இளைஞர்களின் கையில் தொழில் இருந்தால் நாடு உயரும் என்று அவர் பேசினார். கைதட்டிய முப்பது பேரில் இருபத்தைந்து பேர் அடுத்த பேட்சுக்காகப் புதிதாக எண்ணப்பட்டவர்கள்.

தல்ஹா விழாவுக்குப் போகவில்லை. அன்று காலையில் மெஹ்விஷிடம் போய் உட்கார்ந்தார்.

"வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன்."

"திரும்பவும் ஏணியா?"

"நான் ஏற மாட்டேன்."

"அப்போ ஏணி தானா ஏறுமா?"

"தேவிப்ரியான்னு ஒரு பொண்ணு. நல்லா ஏறும். நான் கீழ நின்னு புடிச்சுக்குவேன். யாரு கூப்பிட்டாலும் விட்டுட்டுப் போக மாட்டேன்."

மெஹ்விஷ் அடுப்பை அணைத்தாள். பிறகு, "மொதல்ல அந்தப் பொண்ணு அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றாள். அது சம்மதம் என்று அவருக்குத் தெரிந்தது.

ஜோதியம்மாளிடம் மெஹ்விஷே போய்ப் பேசினாள். ஐஸ்கிரீம் கடைச் சம்பளத்தைவிட ஜாஸ்தியாக இருக்குமா என்று ஜோதியம்மாள் கேட்டார். சீசனில் இருக்கும் என்றாள் இவள். சிலிண்டர் தூக்கித் தோள் போன விமல்ராஜும் வந்து சேர்ந்துகொண்டான். இப்போது செங்கம் ரோட்டு விடுதிகளிலும் காபிக் கடைகளிலும் இவர்கள் மூன்று பேரைப் பார்க்கலாம். தேவிப்ரியா மேலே, தல்ஹா கீழே, விமல்ராஜ் எதையாவது எடுத்துவர ஓடிக்கொண்டிருப்பான். ஆரம்பத்தில் பொண்ணு ஏறுகிறதே என்று விடுதிக்காரர்கள் தயங்கினார்கள். மே மாதம் மெஷின் நின்றதும் தயக்கமும் நின்றுவிட்டது. பெரிதாகச் சம்பாதிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. கோடையில் சோறு தொண்டையில் இறங்க நேரம் இருக்காது, மழைக் காலத்தில் போன் அடிக்காது. தல்ஹாவுக்கு ஈரத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் தேவிப்ரியா ஏணியின் உச்சியில் இருக்கும்போது போன் வந்தது. பயிற்சிக்குப் பிறகு வேலையில் நீடிக்கிறார்களா என்று விசாரிக்கிற அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஐஸ்கிரீம் கடையில தொடர்ந்து வேலை செய்றீங்களா?"

"இல்லீங்க. ஏசி ரிப்பேர் பண்றேன்."

எதிர்முனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "அந்த வேலை லிஸ்ட்ல வரல மேடம். ஐஸ்கிரீம், இல்லன்னா வேலையில்லாதவர், ரெண்டுதான் இருக்குது."

"சரிங்க, வேலையில்லாதவர்னே போட்டுக்கங்க. கை காலியா இல்ல, வெச்சிடறேன்," என்று சொல்லிவிட்டு அவள் நட்டைத் திருகினாள்.

போன ஐப்பசியில் சக்கரபாணி புதுக் காரில் வந்து, இவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த கடையில் இறங்கினார். பழைய பகை எதுவும் அவர் மனதில் இல்லை. தல்ஹாவின் தோளில் கை போட்டார்.

"பாய், புதுத் திட்டம் வந்திருக்குது. சோலார் பேனல் பயிற்சி. ஆள் நூறு பேரு. உங்கள மாதிரி பாடம் எடுக்க இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஒருத்தனும் கெடைக்கல. வந்துடுங்க."

"பேனல் வாங்கிட்டீங்களா சார்?"

"பேனல் மெதுவா வரும். சூரியன் இருக்குதில்ல? பாதி லேப் ரெடின்னு வெச்சுக்கங்க."

விமல்ராஜ் டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினான். தல்ஹா சிரிக்காமல், தனக்கு ஆசிரமம் பக்கம் இரண்டு மெஷின் கழுவ வேண்டியிருக்கிறது, மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று சொன்னார். சக்கரபாணிக்கும் ஒரு டீ சொன்னார். பிறகு மூன்று பேருமாக ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள்.